நாற்பது பார் ஐஸ்

வண்டிக்குள் இரண்டு போன்.
ஒன்று என்னுடையது, கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது.
இன்னொன்று முத்திருளாண்டியின் மடியில்.
என்னுடையது பேசும். ஏர்வாடியை எர்வடி என்னும்,
மூக்கையூர் வரும்போது
தும்மல் முட்டியவள் மாதிரி ஒரு கணம் நிற்கும்.
தனுஷ்கோடிப் பக்கம் ஒருமுறை இலங்கை டவரைப் பிடித்துக்கொண்டு
அரைமணி நேரம் ஊமையாகிவிட்டாள்.
அவனுடையது பேசவே பேசாது. வீட்டில் இறக்கிவைத்த படம்,
டவர் செத்த இடத்திலும் அம்பு நகரும்.
போன வருஷம் இறக்கியது என்பதுதான் சங்கடம்:
அதற்குப் பிறகு வந்த ரோடும் அதற்குத் தெரியாது,
அதற்குப் பிறகு போன ரோடும் தெரியாது.

பின்னால் தார்ப்பாய்க்கு அடியில், உமிக்குள்,
நாற்பது பார் ஐஸ்.
ராமநாதபுரத்தில் ஏற்றும்போது நாற்பது.
மூக்கையூரில் எத்தனை என்பதை
இந்த இரண்டு பேரும்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஏர்வாடி தாண்டியதும் பிரிந்தார்கள்.
நேரே போ, நாற்பத்தெட்டு நிமிஷம் என்றாள் இவள்.
வலதில் திரும்பு, கண்மாய்க் கரை, முப்பத்தேழு என்றது அது.
பதினோரு நிமிஷம்.
சித்திரை வெயிலில் ஒன்றரை பார்.
முத்திருளாண்டி தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான்,
சீட்டாட்டத்தில் ஜோக்கரை இறக்குகிறவன் போல.

திரும்பினேன்.

இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் வண்டியைக் கீறியது.
படத்தில் கண்மாய் நீலமாக இருந்தது.
வெளியே அதே இடத்தில் ஆடு மேய்ந்தது.
"அண்ணே, நம்ம வண்டி இப்ப தண்ணிக்குள்ள போகுது"
என்று அம்பைக் காட்டினான். சிரித்தோம்.
இவள்தான் விடவில்லை:
முடிந்தால் யு-டர்ன் எடுக்கவும். முடிந்தால் யு-டர்ன் எடுக்கவும்.
முடியாது தாயே, கரையின் அகலம் ஒன்பதடி.

மடைக்கு அந்தப் பக்கம் கரையே இல்லை.
வெட்டிப் போட்டிருந்தார்கள். யார், எதற்கு என்று ஒரு போர்டு கிடையாது.
பாதி இறக்கிய குழாய், ஆளில்லாத ஜேசிபி,
தலையைக் கவிழ்த்துக்கொண்டு.

ஐந்நூறு மீட்டர் ரிவர்ஸ்.
முத்திருளாண்டி பின்னால் நடந்து கை காட்ட,
தார்ப்பாய்க்கு அடியிலிருந்து சொட்டிக்கொண்டே வந்தது
எங்கள் தடத்தின் மேலேயே
எங்கள் காசு.

ரோட்டுக்கு ஏறியதும் என் போன் கேட்டது:
இந்தப் பாதை அடைபட்டிருக்கிறதா? ஆம். இல்லை.

அரைமணி பின்னால் சவேரியார்பிச்சை வருகிறான்.
அதே துறைமுகம், அதே லாஞ்சுகள்.
பாருக்கு ஐந்து ரூபாய் குறைத்து
போன மாதம் என் ஆட்கள் இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டவன்.
அவன் எந்தப் படத்தைப் பார்த்து ஓட்டுகிறான்,
எனக்குத் தெரியாது. ஒரே டீக்கடைதான்.
கேட்டிருக்கலாம்.

விரல் அப்படியே நின்றது.
சொட்டுகிற சத்தம் கேட்டது.
'ஆம்' மேல் அழுத்தினேன்.
நன்றி, மற்ற ஓட்டுநர்களுக்கு உதவியிருக்கிறீர்கள் என்றாள்,
இந்த முறை எங்கும் தடுமாறாமல்.

முத்திருளாண்டி தன் போனைத் திருப்பிப் பார்த்தான்.
அதிலும் ஒரு கட்டம் உண்டு, தப்பு சொல்ல.
டவர் வந்ததும் போய்ச் சேர்ந்துவிடுமாம்.
"இதுலயும் போட்டுரவாண்ணே?"
நான் கியர் மாற்றிக்கொண்டிருந்தேன்.
நான்காவதிலிருந்து ஐந்துக்குப் போக
அவ்வளவு நேரம் ஆகாது.
அவன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

மூக்கையூரில் முப்பத்தாறுக்குத்தான் காசு.
எண்ணி வாங்கி நிமிர்கிறேன்,
சவேரியார்பிச்சையின் வண்டி வளைந்து உள்ளே வருகிறது.
வழக்கம்போல இரண்டு ஹாரன்.
நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.
கண்மாய் மண் கறுப்பு, கடற்கரை மணல் வெளுப்பு,
அவன் டயரைப் பார்த்தேன்.

அவனுடைய ஐஸும் உருகி ஒழுகி
நான்கு டயரையும் கழுவியிருந்தது.