மூன்றாவது கோரிக்கை

பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
திருத்தம் இலவசம் என்று போர்டில் எழுதியது
என் தப்புதான்.

ஞாயிறு மதியம், பாலக்கோடு,
பாதி ஷட்டர் இறக்கிய டைப்பிங் கடைக்குள்
ஏழு பேர், நான்கு நாற்காலி.
தக்காளி கிலோ மூன்று ரூபாய்க்கு விழுந்திருந்த வாரம்.
எல்லார் சட்டையிலும் செடியைக் கிள்ளிய வாசம்.

முதல் கோரிக்கையில் சிக்கலில்லை.
மண்டித் தராசைக் கடைசியாகச் சோதித்த தேதியை
எல்லோரும் பார்க்க எழுதி வைக்க வேண்டும்.
இரண்டாவதும் சுலபம்: பெண்களுக்குக் கழிப்பறை.
அதைச் சொன்னது லாரி ஓட்டும் மாதையன்.
சொல்லிவிட்டு ஏனோ
சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவதில் வண்டி நின்றது.

"நூத்துக்குப் பத்து கமிஷன். அதை நாலாக்கணும்."
தீர்த்தகிரி, மாரண்டஹள்ளிப் பக்கம் ஒன்றரை ஏக்கர்,
பாதியைப் பறிக்காமலே விட்டவர்.
அடித்தேன்.

"ஆக்கினா?" என்றாள் வெங்கட்டம்மா,
பெட்டி இறக்குகிறவள்.
"எங்க கூலி அந்தப் பத்துக்குள்ளதானே இருக்கு.
நீ ஆறை வெட்டினா
அவன் யாரோட ஆறை வெட்டுவான்?"

அழித்தேன்.
ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒருமுறை 'டக்' என்றது.

"அப்ப அரசாங்கமே விலை வெச்சு வாங்கட்டும்."
"வாங்கி எங்க வெக்கும், ட்ரெஷரியிலயா?"
"குளிர்பதனக் கிடங்கு."
"அதுக்கு கரன்ட்?"
"கூலியை வாங்குறவன் தரட்டும்."
"அவன் மூட்டையைக் கட்டி ஓசூர் தாண்டிட்டா?"
"தாண்டறதுக்கு முன்னாடி தரட்டும். அன்னிக்கே."

அந்த 'அன்னிக்கே' எல்லோருக்கும் பிடித்திருந்தது.
அன்றைக்கே என்று மாற்றி அடித்தேன்.
அடித்து, அழித்து, அடித்து,
நான்கரை மணிக்கு இப்படி நின்றது:
கமிஷன் நூற்றுக்கு நான்கு.
இறக்குகூலி தனியாக, பெட்டிக்கு இரண்டு ரூபாய்,
வாங்குபவரே, அன்றைக்கே.

முழுதாக வாசிக்கச் சொன்னாள் வெங்கட்டம்மா.
'தாழ்மையுடன்' வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.
"அது எதுக்கு? நாம ஒண்ணும் தப்பு பண்ணலியே?"

பதினோரு வருடமாக என் எல்லா மனுவிலும்
கேட்காமலே வந்து உட்காரும் சொல் அது.
எனக்கே பதில் தெரியவில்லை.
"இருக்கட்டும்மா, கலெக்டர் ஆபீஸ்
கோவிச்சுக்கும்" என்றார் தீர்த்தகிரி.
கமிஷனுக்கு ஆன நேரத்தைவிடக் கூடுதல் நேரம்
தாழ்மைக்கு ஆனது.
கை தூக்கினார்கள். நாலுக்கு மூணு.
தாழ்மை தங்கிவிட்டது.

இரண்டு பக்கம், அறுபது ரூபாய்.
சில்லறை சேர்ந்தது ஐம்பத்தி நான்கு.
"மீதிக்குத் தக்காளி தரட்டுமா?"
"எந்தத் தராசுல?" என்றேன்.
மாதையன் சிரித்தார், மற்றவர்களுக்கு அவ்வளவாக வரவில்லை.

ஆறு பேர் கீழே கையெழுத்துப் போட்டார்கள்.
வெங்கட்டம்மாவிடம் மைப்பெட்டியை நகர்த்தி
கீழே, கடைசியில் வையுங்கள் என்றேன்.
அவள் விரலால் வரிகளை எண்ணி மேலே போனாள்,
ஒன்று, இரண்டு,
மூன்றாவதின் பக்கத்தில், ஓரத்தில்,
'இரண்டு ரூபாய்' மேல் கால்வாசி ஏறும்படி
அழுத்தி வைத்தாள்.
துடைக்கத் துணி கொடுத்தேன். வேண்டாம் என்றாள்.

ராத்திரி பத்தரைக்கு தீர்த்தகிரி போன்.
காலையில் தர்மபுரிக்கு முதல் பஸ்,
அதற்கு முன்னால் ஒரே ஒரு சின்னத் திருத்தம்.
"இறக்குகூலியை ஒண்ணரைன்னு போட்டுடலாமா?
அப்பதான் வாங்குறவன் ஒத்துக்குவான்.
எனக்காக இல்லம்மா, ஒரு நடைமுறைக்குச் சொல்றேன்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.
பறிக்காத அந்த முக்கால் ஏக்கர்
போனுக்குள் மூச்சு விடுவது கேட்டது.

மனுவை எடுத்து விளக்கடியில் பிடித்தேன்.
"முடியாதுங்க" என்றேன்.
"குறுக்கே ஒரு கட்டைவிரல் இருக்கிறது."