ஒளிமேசை

இருபத்திரண்டு வருடமாக என் வேலை
கண்ணாடி மேசைக்கு அடியில் எரியும் விளக்கின் மேல்
காட் மீன் துண்டைப் பரப்பி
சதைக்குள் சுருண்டிருக்கும் புழுவைத் தேடுவது.
கத்தி முனையால் ஒரு கிள்ளல்.
அடுத்தது.

ரெய்க்யாவிக்குக்கு விமானம் ஏறும் முன்
இரண்டு வாரம்
அயோடின் உப்பில்லை, மீனில்லை, பாலில்லை.
நாள் முழுக்க மீன் நாறும் கையால்
வெந்த உருளைக்கிழங்கைச் சப்பென்று விழுங்கினேன்.
"பட்டினி உனக்கில்லை ஸ்டெய்ன்வோர்,
அதுகளுக்கு" என்றார் ஊல்ஃபர்.

அதுகள்,
கழுத்தை வெட்டித் தைத்த பின்னும்
கத்திக்குத் தப்பியவை.
எத்தனை என்று யாருக்கும் தெரியாது.
தைராய்டாகப் பிறந்து கெட்டுப்போனவை.
கெட்டாலும் பிறவிப் புத்தி போகவில்லை:
ரத்தத்தில் அயோடின் வந்தால்
கதவைத் திறந்துவிடும்.
கடல் தந்ததா, உலை தந்ததா என்று
கேட்கத் தெரியாது.

ஈயக் குடுவையைத் திறந்து
இடுக்கியால் ஒரு மாத்திரையை நீட்டினார்.
நான் விழுங்கியதும்
முதுகு காட்டாமல் கதவு வரை நடந்தார்
ராணியிடம் விடைபெறுகிறவர் போல.

ஜூன் மாதம். இரவு வரவே இல்லை.
எச்சில் சுரக்க எலுமிச்சை மிட்டாய்.
கழிப்பறையில் இரண்டு முறை தண்ணீர்.
வாசித்த புத்தகம்கூட வெளியே போகாது.
ஐந்து மாதக் கர்ப்பத்தோடு
ஸ்னைப்யோர்க் வண்டி நிறுத்துமிடத்தில் நின்று கையசைத்தாள்.
மூன்றாம் மாடியிலிருந்து
அவளது சிவப்புக் கோட்டு
யாரோ போட்டுவிட்டுப் போன மிதவை.

உள்ளே இப்போது என்ன நடக்கிறது?
தொலைபேசியில்தான் கேட்டேன்.
ஓர் அணு உடையும், ஒரு துகளை எறியும் என்றார்.
ஒரு மில்லிமீட்டர் போகும், மிஞ்சினால் இரண்டு.
போகிற வழியில் மரபிழையின் இரண்டு புரியையும் அறுக்கும்.

புரி அறுந்த கயிறு எனக்குத் தெரியும்.
ஒன்று அறுந்தால் முடிச்சுப் போடலாம்.

உடனே சாகாதாம்.
ஒன்றுமே நடக்காதது போல இருந்துவிட்டு
ஒருநாள் இரண்டாகப் பிரியப் பார்க்கும்.
அப்போதுதான் தெரியும்
பங்கு போட முழுசாக எதுவும் மிச்சமில்லை என்று.
தின்னாத பக்கத்துச் செல்லுக்கும்
சில சமயம் அடி விழும்.

எட்டு நாளில் கதிரில் பாதி தீர்ந்தது.
அன்று நான் மேசையில் படுத்தேன்,
மீனாக.
கேமரா மூக்கை உரசுகிற அளவுக்கு இறங்கியது.

திரையில் கழுத்தருகே மூன்று கறுப்பு மணிகள்.
அவர் காட்டுவதற்குள் என் கட்டைவிரல்
தானாகக் கிள்ளப் போனது.
"நன்றாகத் தின்றிருக்கின்றன."
பிறகு பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.
அதில் நுரையீரலில் ஒரு பட்டாணி.
இதில் அந்த இடம் வெறிச்சென்று இருந்தது.

போய்விட்டதா என்று நான் கேட்கவில்லை.
மேசையில் கறுத்த புழு ஒரு பொருட்டே இல்லை.
சதையின் நிறத்திலேயே கிடப்பதுதான்.
அதற்கு விளக்கு உதவாது.

உப்பிட்ட கையை மறக்காதவை
சாகப் போகின்றன.
மறந்தது
அங்கேயே இருக்கிறது.

வேறு மருந்துகள் உண்டு என்றார்,
மூன்று மாதம் கழித்து ரத்தம், மறுபடியும் படம்.
உப்பு சாப்பிடலாமா என்றேன்.
"இன்றிலிருந்தே."

கீழே கடையில் ஒரு பொட்டலம் உலர்மீன் வாங்கி
வெண்ணெய் தடவி
நின்றபடியே தின்றேன், விரல் நக்கி.
உடம்பு முழுக்க வாய் திறந்து வாங்கிக்கொண்டது.
ஒன்று மட்டும் திறக்கவில்லை.