தூற்றல்

லேப்டாப் வாங்கி இருபத்திரண்டு நாள்.
பதினெட்டுத் தவணையில் ஒன்று முடிந்திருக்கிறது.
திருவாரூர்க் கடை மேசையில் இருந்தபோது
மூச்சுவிடுவதே தெரியவில்லை.
கடைக்குள் ஏசி ஓடியதை
நான் கணக்கில் எடுக்கவில்லை.

கொரடாச்சேரி தாண்டி
எங்கள் கொள்முதல் நிலையத்துக்கு வந்த அன்றே
கத்த ஆரம்பித்தது.
அந்தப் பக்கம் தூற்றும் எந்திரம் பதரை விசிற
இந்தப் பக்கம் இது.
எது எதைப் பார்த்துக் கற்றுக்கொண்டதோ.
"கிளார்க்கம்மா, ஒங்க பொட்டியும் நெல்லு தூத்துதா?"
என்றார் வைரக்கண்ணு, தலையில் நாற்பது கிலோவோடு.

புரட்டாசி பொன்னுருகக் காயும் என்பார்கள்.
பிளாஸ்டிக்கைப் பற்றி
யாரும் எதுவும் சொல்லிவைக்கவில்லை.
'ப' இருக்கும் இடம்தான் அதிகம் சுடுகிறது.
பக்கிரிசாமி, பட்டம்மாள், பன்னீர் என்று
பட்டா வரிசையாக வரும் நாளில்
விரல்நுனி பழுத்துவிடும்.

கூத்தாநல்லூர் ஜியாவுதீன் கடையில் காட்டினேன்.
தர்பூசணி தட்டிப் பார்ப்பதுபோல்
காதோரம் வைத்துக் கேட்டார்.
"புதுசுல கத்தத்தான் செய்யும்.
அமைதின்னு ஒண்ணு இருக்கு, அதுல போடுங்க.
விசிறி அடங்கும். வேலையும் அடங்கும்."
தூசி போயிருக்குமோ என்றேன்.
"வாரண்டில தூசி சேராது."
போன வருடம் காப்பீட்டுக்காரர்
ஆறு நாள் நின்ற தண்ணீரைப் பற்றி
இதே குரலில்தான் சொன்னார்.

அமைதியில் போட்டுப் பார்த்தேன், ஒரு காலைப்பொழுது.
ஒரு பட்டியலுக்கு நாலு நிமிடம்.
திரை நடுவில் வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது,
டிராக்டர்கள் பாலம் வரைக்கும் நிற்கின்றன.
கத்தட்டும் என்று மாற்றிவிட்டேன்.

சாக்கின் மேல் வைத்திருந்ததுதான் பாதித் தப்பு.
அடியில் இருக்கும் மூக்கைச் சணல் பொத்திவிடுகிறது.
செங்கல் இரண்டு, நடுவே சந்து,
அடுப்புக் கூட்டுவதுபோல் கூட்டி
அதன்மேல் உட்காரவைத்தேன்.
சத்தம் ஒரு படி இறங்கியது.
ஒரே ஒரு படி.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது.
தூற்றும் எந்திரம் இழுத்து இழுத்து ஓய்ந்தது.
களம் முழுக்க இப்போது
என் பெட்டியின் இரைச்சல் மட்டும்.
எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.
பந்தியில் வயிறு கூப்பிட்டுவிட்டதுபோல்
கூச்சமாக இருந்தது.

பக்கிரிசாமி நெல் பதினேழு புள்ளி ஆறு.
பதினேழுக்கு மேல் ஈரம் இருந்தால் எடுக்கக் கூடாது.
மூன்று ராத்திரி குவியல் பக்கத்திலேயே படுத்திருக்கிறார்.
மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது.
அவர் ஒன்றும் கேட்கவில்லை.
ஒரு கைப்பிடி அள்ளி
பெட்டியின் பின்னால், சுடுகாற்று வருகிற இடத்தில்
உள்ளங்கையை விரித்துப் பிடித்தார்.
"காத்து வருதுல்ல, தூத்திக்க" என்றார் வைரக்கண்ணு.
யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.
ஒற்றை விரலால் நெல்லைப் புரட்டிக்கொண்டே இருந்தார்,
குழந்தைக்குச் சோறு ஆற்றுகிற மாதிரி,
ஆனால் தலைகீழாக.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
தேவையே இல்லாத பெரிய கோப்பு ஒன்றைத் திறந்து
அதற்கு மேல் இன்னொன்றைத் திறந்து
விசிறியை இன்னும் கொஞ்சம் கத்தவைத்தேன்.

ஈரமானி பதினேழு புள்ளி இரண்டு காட்டியது.
அதுவும் அந்தக் கைப்பிடிக்கு மட்டும்.
மீதி நூற்றுப்பத்து மூட்டையை
எந்த விசிறியிடம் காட்டுவது?
பதினேழு என்று அடித்தேன்.
புள்ளிக்குப் பின்னால் வரவேண்டியதை
விரல் தொடவில்லை.
கட்டை கொதித்தது. வேறொன்றுமில்லை.

ராத்திரி, திருகாணியைத் தொட்டால் வாரண்டி போய்விடும் என்பதால்
பழைய பல் பிரஷால் மூக்கை மட்டும் தேய்த்தேன்.
செய்தித்தாளில் சுணை பொலபொலவென்று உதிர்ந்தது,
அரிப்பு இப்போதும் முழங்கை வரை இருக்கிறது.
கம்பி இடுக்கில் ஒன்று சிக்கியிருந்தது.
பதர் என்று நினைத்தேன். முழு நெல்.
வெளியே தூற்றல் போட ஆரம்பித்தது.
பல்லில் வைத்துக் கடித்தேன்.
நறுக்கென்றது.
பதினாலு இருக்கும்.