வளைவுப் பலகை

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கும்
இந்த ஊர் இரும்பு.
நவம்பர் முதல் ஏப்ரல் வரை
நகராட்சி லாரி சாலைக்கு உப்பிடும்.
மிச்ச மாதங்களில்
விரிகுடாவே வந்து இட்டுவிட்டுப் போகும்.

அறுபத்து மூன்றாம் வருஷத்து ராம்ப்ளர்.
பிடேல் சுரெட்டின் கொட்டகையில்
சிங்கி இறால் கூண்டுகளுக்கு அடியில்
முப்பது வருஷம் கிடந்தது.
அவன் போனபிறகு மகள் விற்றாள்:
நானூறு டாலர், எலிக்கூடு இலவசம்.

கம்பளத்தை உரித்தேன்.
அடியில் தார்.
தாருக்கு அடியில் பைபர்கிளாஸ்.
அதற்கும் அடியில் வேறொரு காலத்துத் தார்.
விரல் வைத்தால் அப்பளம்.
பக்கத்து இருக்கை இருந்த இடத்தில்
என் பட்டறைத் தரை தெரிந்தது,
காலையில் தொலைத்த நட்டும் தெரிந்தது.

மீன்பிடிப் படகுகளுக்கு வெல்டிங் செய்பவள் நான்.
படகில் ஓட்டை என்றால் கடல் சொல்லிவிடும்.
கார் சொல்லாது.
பெயின்ட் பூசிக்கொண்டு சிரிக்கும்.

கூரையுள்ள வண்டி என்றால்
வெட்டு, ஒட்டு, வீட்டுக்குப் போ.
கூரை மடங்குகிற வண்டிக்கோ
தரைதான் முதுகெலும்பு.
யோசிக்காமல் அறுத்தால்
கிழக் குதிரையாக நடுவில் தொய்ந்துவிடும்,
அப்புறம் எந்தக் கதவும் எந்த ஜென்மத்திலும் மூடாது.
ஆகவே முதல் வேலையாக
இரண்டு கதவு வாசல்களுக்கும் குறுக்கே
சதுரக் குழாய் வைத்துப் பற்றவைத்தேன்.
அறுப்பதற்கு முன்னால் இறுக்கிப் பிடி.
இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.
முன்பு ஒரு நீல டேட்சன் இருந்தது;
அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

சனிக்கிழமை லெயோன்ஸ் வந்தான்,
புதுத் தகட்டின் மறுமுனையைப் பிடிக்க.
இடது காலை அரைவட்டமாக வீசி நடப்பான்.
ஏன் என்று ஊருக்கே தெரியும்:
எழுபத்தெட்டு, அக்டோபர், மூடுபனி,
கொமோ வளைவு.
வேகமாகப் போனான் என்றார்கள்.
குடித்திருந்தான் என்றார்கள்.
இருக்கும் போலிருக்கிறது என்று
அவனும் ஒப்புக்கொண்டு நொண்டினான்.

ஓட்டுநர் பக்கம், கடைசி ஒட்டு.
பதினான்கு ரிவெட்.
உளி வைத்துத் தட்டத் தட்ட
ஒவ்வொன்றாய்த் தெறித்தது.
தகடு விழுந்து புரண்டது.

மஞ்சள்.

இத்தனை தாருக்குள் நிறம் மங்காமல்
வலப்பக்கம் வளையும் ஒரு கறுப்பு அம்பு.
மூலையில் பட்டாணி அளவுக்கு ஒரு துளை.

"அது நான் சுட்டது," என்றான் லெயோன்ஸ்.
"பதினைந்து வயசில். அப்பாவின் துப்பாக்கி."

கம்ப்ரசர் தானாக ஓடித் தானாக நின்றது.
கையுறையைக் கழற்றினான்.
அம்பின் அடியிலிருந்து நுனிவரை
கட்டைவிரலை ஓட்டினான்.
அந்த வேகத்தில் போயிருந்தால்
யாருக்கும் எதுவும் ஆகியிருக்காது.

"என் கலியாணத்துக்குப் பிடேல்
இரண்டு கூடை ஸ்காலப் கொண்டுவந்தான்.
இத்தனை எதற்கு என்று அப்போதே நினைத்தேன்."

அதற்கு நான் ஏதாவது சொல்லியிருக்கலாம்.
பலகையைச் சுவரில் சாய்த்தான்,
சுவரைப் பார்க்கவைத்து.
இரண்டடி வந்தவன் திரும்பிப் போய்
எங்களைப் பார்க்கவைத்தான்.
"ம். தூக்கு."

தூக்கினோம்.
கிளாம்ப் போட்டு, அளந்து, எடுத்து,
ஓரத்தை அரைத்து, மறுபடி வைத்தோம்.
கால் மில்லிமீட்டருக்காக ஒரு மணி நேரம்
இரண்டு மொழியில் திட்டினான்.

ஆறரை மணிக்குக் கடைசி வெல்டு
சிவந்து, நீலம் பாய்ந்து, சாம்பலாயிற்று.
ஏறிப் பார் என்றேன்.
கதவு வழியாக முடியாது, குறுக்கே குழாய்.
கூரையில்லாத வண்டியில் அது ஒரு வசதி:
மேலிருந்தே காலைப் போட்டான்.
நல்ல கால் இல்லை, மற்றது.
எடை முழுவதையும் அதன்மேல் இறக்கி
நின்றான்.

தகடு ஒரு சத்தமும் போடவில்லை.