ஆறு நாற்பது பஸ்

சைனுதீன் கடையில் ஞாயிற்றுக்கிழமை
இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டாயிற்று.
தே தாரிக் கிளாஸ்களைச் சுவரோரம் ஒதுக்கி
ஈரம் துடைத்த பிறகுதான் படம் வெளியே வரலாம்.
அது வீரையா போட்ட சட்டம்.

பாடாங் செராய்த் திடல், எழுபத்தெட்டு,
கல்லூரிகளின் இறுதியாட்டம்.
கூலிம் ஒன்று, சுங்கை பட்டாணி பூஜ்யம்.
கணக்கு அவ்வளவுதான்.
அந்தப் பூஜ்யத்தைத்தான்
நாற்பத்தாறு வருஷமாய்த் தூக்கிக்கொண்டு
பஸ் ஏறி வருகிறான் தேவசகாயம்.

பெத்தபெருமாள் கொண்டுவந்தது
பிஸ்கட் டின் அடியில் ஒட்டிக் கிழிந்த படம்.
கோல்கீப்பர் சன்னாசி அந்தரத்தில்.
இரண்டு கையும் இருக்கிறது, பந்து இல்லை.
"பந்து இங்க" என்று
படத்துக்கு வெளியே, மேசைமேல், விரல் வைக்கிறான்.
விரலுக்குக் கீழே ஒரு சீனி எறும்பு.

யூசோப் கைப்பேசியை நீட்டினான்.
மகள் பெரிதாக்கிக் கொடுத்தாளாம்.
பெரிதாக்கப் பெரிதாக்க
ஆட்களெல்லாம் சோளப்பொரியாகிப் போக
ஒரு முதுகு மட்டும் மிச்சம். எட்டாம் நம்பர்.
"நாந்தான்."
"நீ அன்னிக்கு பெஞ்சுலடா!"
சைனுதீனும் சிரித்தார், ரொட்டி வீசிய கை நிற்காமல்.

எந்தப் படத்திலும் விழாதவை நிறைய.
மூன்றாம் டிவிஷன் பெண்கள்
பால் வாளியைக் கவிழ்த்துத் தட்டிய தட்டு.
லோரி மேல் நின்றவர்களின் சட்டையில்
கட்டிப்பால் நாற்றம்.
மழை, வலது மூலையில் மட்டும்.

"உன் படம் எங்கே?" என்று தேவசகாயத்தைக் கேட்டால்
முழங்காலைத் தட்டிக் காட்டுவான்.
"இதுல இருக்கு."
எண்பத்தொன்பதாவது நிமிஷம்
அந்தக் காலிலிருந்துதான் பந்து வலைக்குள் போனது.
கோட்டோரம் கொடி எழுந்தது.
கொடி பிடித்தவன் நான்.

இரண்டு கல்லூரியிலும் படிக்காதவன் என்பதால்
நடுநிலையானவன் என்று பிடித்துவந்தார்கள்.
மூன்று வெள்ளி, ஒரு ஆரஞ்சு.
இன்றுவரை என்னைக் கூப்பிடுவது
"டேய் கொடி" என்றுதான்.

என் சட்டைப் பையில் ஒரு படம்.
ஸ்டூடியோவை மூடிய வருஷம்
ஆ குவாய் என்னைத் தனியாய் அழைத்துக் கொடுத்தது.
"இது உன் முகம். நீயே வச்சுக்கோ."
படத்தில் கொடி நேராய் நிற்கிறது.
கழுத்துதான் திடல் பக்கம் இல்லை.
லோரிகளுக்கு அப்பால்,
விளக்குப் போட்டுக்கொண்டு திரும்புகிறது
ஆறு நாற்பது பஸ்.

புகைக்கூடத்தில் அன்று எனக்கு இரவு வேலை.
அதை விட்டால் ஒன்பது மைல் நடை, அரைநாள் சம்பளம் வெட்டு.
ஆட்டம் சமமானால் இன்னும் அரைமணி.
இதையெல்லாம் நினைத்தா தூக்கினேன்?
கை நினைத்திருக்கலாம்.
அவன் ஓப்சைடா என்று கேட்டால் தெரியாது.
பொய் சொன்னேன் என்றுகூடச் சொல்ல முடியவில்லை,
பார்த்திருந்தால்தானே பொய்.

பஸ்ஸில் கண்டக்டர்
டிக்கெட் கிழித்தபடியே கேட்டார்,
"யாருப்பா ஜெயிச்சது?"
சில்லறையை எண்ணுகிற மாதிரி
குனிந்துகொண்டேன்.

இன்று ஏனோ
தேவசகாயம் என் டீக்கும் சேர்த்துக் காசு வைத்தான்.
தாங்கவில்லை.
படத்தை எடுத்து அவன் முன்னால் போட்டேன்.

மேசை அடங்கியது.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
கொடியைப் பார்த்தான், கழுத்தைப் பார்த்தான்,
மூலையில் அந்த இரண்டு விளக்கையும் பார்த்தான்.
ரொம்ப நேரம்.

"பஸ் நின்னுச்சா?"
"நின்னுச்சு."
"ஏறிட்டியா?"
"ஏறிட்டேன்."

படத்தை வீரையா பக்கம் தள்ளினான்.
"ஈரம் படாம வை."