லிட்டருக்கு ஐந்து மில்லி

மூடியைத் திறந்ததும்
மூன்றாம் மாடிவரை இறங்கிப் போனது வாடை.
நாற்பத்தோரு நாள்.
கெண்டைமீன் தலையும் குடலும் ஒரு கிலோ,
மார்க்கெட்டில் கலீல் சும்மாவே கொடுத்தான்.
குடியாத்தத்து வெல்லம் ஒரு கிலோ,
அதற்குத்தான் காசு.
பெயின்ட் டப்பாவில் இறுக்கி
தண்ணீர்த் தொட்டி நிழலில் வைத்திருந்தேன்,
பூனைக்குப் பயந்து மேலே இரண்டு செங்கல்.
இப்போது தேன் நிறம்.
மீன் எங்கே என்றால்
முள்ளை மட்டும் காட்டுகிறது டப்பா.

காந்தி ரோட்டின் பின்சந்தில் லாட்ஜ்.
முப்பத்திரண்டு ரூம்.
ஒவ்வொன்றிலும் யாருக்கோ
ரிசல்ட் வரவேண்டியிருக்கிறது.
விரிப்புகளைத் துவைத்துக் காயப்போடத்தான்
எனக்கு மாடியின் சாவி.
கொடிக்கயிறுகளுக்கு நடுவே
பதினேழு தொட்டி எப்படி முளைத்தது என்று
ஷபீக் பாய் இதுவரை கேட்டதில்லை.
இன்றைக்குக் கேட்பார்.

போர்த் தண்ணீர் உப்பு.
ஊற்ற ஊற்ற மண்ணில் வெள்ளை பூக்கிறது,
ரோஜாவில் ஒன்றும் இல்லை.
வேர் சாப்பிட மறுத்தால்
இலைக்கு ஊட்டு என்றான்
காகிதப்பட்டறை நர்சரிக்காரன்.
பழைய தலையணை உறையில் வடிகட்டி
கண்ணாடி துடைக்கிற ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றினேன்.
மணி ஐந்தரை.
அதற்கு முன்னால் அடித்தால்
வேலூர் வெயில் இலையை வறுத்துவிடும்.

படியில் செருப்புச் சத்தம்.
பாய்தான் என்று பாட்டிலை முதுகுக்குப் பின் ஒளித்தேன்.
பதினாலாம் ரூம் வங்காளத்துக்காரர்.
தபன் மண்டல்; ரிஜிஸ்டரில் பார்த்த பெயர்.
பத்தொன்பது நாளாகக் குனிந்தே நடந்தவர்
மூக்கை உயர்த்திக்கொண்டு வந்து நின்றார்.
"மாச்?"
"மீன்."
சமையல் எங்கே என்று கண்ணால் தேடினார்.
டப்பாவைக் காட்டினேன்.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்,
பிறகு இடுப்பளவு, மார்பளவு என்று கையால் காட்டி
ஊரில் தனக்கு இரண்டு குளம் என்றார்.
குளமா, தம்பிகளா,
எனக்குத் திட்டமாகத் தெரியாது.

பாட்டிலைக் கொடுத்தேன்.
மழை மாதிரி மேலிருந்து அடித்தார்.
"இன்னாங்க இது" என்று
ஓர் இலையைத் திருப்பிக் காட்டினேன்.
கீழே. வாய் அடியில்தான் இருக்கிறது.

கொஞ்ச நேரம் இலையைப் பார்த்தார்.
தன் மூக்கருகே விரலை வைத்து
தொண்டை வழியே வயிறுவரை ஒரு கோடு இழுத்தார்.
குழாய்.
"மூணு மணி, மூணு மணி. இருநூறு மில்லி."
நான் டப்பாவைத் தட்டினேன்.
"லிட்டருக்கு அஞ்சு மில்லி. வாரம் ஒருதரம்.
கூடினால் கருகிடும்."
தலையாட்டினார்.
எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்
மில்லி என்ற ஒரு சொல்தான் இருந்தது,
அதை வைத்தே அன்றைக்கு நிறையப் பேசினோம்.

அடுத்தடுத்த சாயங்காலங்களில் வந்தார்.
மருந்து இல்லாத நாளில் வெறும் தண்ணீர் அடித்தார்.
கனகாம்பரம், செவ்வந்தி,
பெயர் கேட்டுச் சொல்லிப் பார்த்தார்.
ழகரம் உள்ள எதையும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை விடிகாலை
பதினாலில் பூட்டு தொங்கியது.
ராத்திரியே காலி என்றான் வாட்ச்மேன்.
ரயிலுக்கா, ஆம்புலன்ஸுக்கா?
அவனுக்குத் தூக்கம்.
ரிஜிஸ்டரில் கையெழுத்தும் மீதிப்பணமும் சரியாக இருந்தன.

மாடிக்குப் போனேன்.
பன்னீர் ரோஜாவில் செம்பு நிறத்தில் மூன்று துளிர்,
ஒன்றின் நுனியில் மிளகளவு மொட்டு.
கடைசித் தொட்டிக் கனகாம்பரத்தில்
எறும்பு சாரைசாரையாக.
அடி இலையெல்லாம் பிசுபிசுத்தது.
ஐந்து மில்லி இல்லை,
போகிற அவசரத்தில்
அரைக் குவளையாவது கலந்திருப்பார்.

ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து
இலை இலையாகக் கழுவினேன்.
நாலைந்து ஓரம் கருகித்தான் போயிருந்தது.
கீழிருந்து ஷபீக் பாய்,
"இன்னாம்மா தவமணி, மேல இன்னா நாத்தம்?"
"பூச்செடிங்க பாய்" என்றேன்.
கருகின இலைகளை
இன்னும் கிள்ளவில்லை.