இடம்

தட்டில் பாதிதான் வைக்கிறார்கள் என்று
மூன்று நாள் சமையல்காரியோடு சண்டை போட்டேன்.
நான்காம் நாள் ஃபப்ரீசியோ வந்தான்,
நகம் கடிக்கிற பையன், கழுத்தில் அடையாள அட்டை
எழுத்து உள்பக்கமாய்.
ஒன்றும் பேசாமல் தட்டை அரைவட்டம் திருப்பினான்.
சாப்பாடு திரும்பி வந்தது.
பூசணித்துண்டு இரண்டு, மிலனேசாவின் மீதி.
எங்கே போயிருந்தீர்கள் இவ்வளவு நேரம் என்று
அதட்ட வேண்டும்போல இருந்தது.

மூளையின் வலப்பக்கம் ஒரு குழாய் அடைத்துக்கொண்டதாம்.
அடைப்பு அங்கே, இருட்டு இங்கே.
இருட்டென்றாலும் விளக்கைத் தேடியிருப்பேன்.
இடப்பக்கம் என்று ஒன்று உண்டு என்பதே
விட்டுப்போயிருந்தது எனக்கு.
உதட்டுச்சாயம் பாதி வாய்க்கு.
சீப்பு பாதித் தலைக்கு.
ஒரு ராத்திரி போர்வைக்குள் யாருடையதோ ஒரு கை,
எடுத்துப்போங்கள் என்று மணியடித்தேன்.
ஓடிவந்த நர்ஸ்
அதன் விரலில் இருந்த என் மோதிரத்தைக் காட்டினாள்.

"என்ன செய்ய ஆசை, சுல்மா?"
அவன் படிவத்தில் கட்டங்கள்:
பொத்தான். கரண்டி. பல்துலக்கி.
எழுதிக்கொள் என்றேன்:
தெர்மாஸ்.
சிரிக்கவில்லை. இந்த ஊர்க்காரன்தானே.
மொந்தெவிதேயோவில் தெர்மாஸ் எங்களுக்கு ஓர் உறுப்பு.
இடது அக்குளில் அதை இடுக்கி
அதே கையில் மாத்தேக் குடுவையும் பிடித்து,
காற்றில் வீச வலக்கையைத் தனியே வைத்துக்கொண்டு
உலகத்தோடு தர்க்கம் பண்ணியபடி நடப்போம்.
இடுக்க முடியாதவள்
வீட்டைவிட்டு எதற்கு வெளியே வர?

மேசையின் இடது ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டினான்.
சிவப்பு தெரிகிறவரை பார்.
தெரிகிறது, என்றேன்.
தலையே திரும்பாமல் சொன்ன பொய்.
மறுபடி.
தெரிகிறது.
மறுபடி.
ஜூன் முழுக்க மறுபடி.

பிறகு ஒருநாள் என் தொண்டையிலிருந்தே வந்தது
இருபத்திரண்டு வருஷம் பஸ்ஸில் கத்திய குரல்:
உள்ளே போங்க, உள்ளே போங்க,
அந்தப் பக்கம் இடம் இருக்கு!
படிக்கட்டைவிட்டு நகராத பயணிகளைப்போல
என் இரண்டு கண்ணும் வலப்பக்கமே நெருக்கியடித்து நின்றன.
தள்ளினேன்.
முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தன.
உப்பு ஜாடி. காகிதக் கைக்குட்டை. ஒரு ஈ.
கடைசி நிறுத்தத்தில்,
சிவப்பு.

கை வேறு கதை.
காலித் தெர்மாஸை அக்குளில் வைத்தான்.
விழுந்து கட்டிலடியில் உருண்டது.
பக்கத்துப் படுக்கை ஒதீலியா, பூகம்பம் என்றாள்,
பூகம்பமே வராத நாட்டில்.
நாற்பது முறை விழுந்திருக்கும்.
அதற்கடுத்த முறை மெதுவாக நழுவியது.
"நழுவுகிறது" என்று குறிப்பேட்டில் எழுதி
அடியில் கோடும் போட்டான்.
திட்டினேன். கோட்டை அழிக்கவில்லை.

மாத்தே போடுவதும் பயிற்சிதானாம்.
குடுவையில் முக்காலுக்கு இலைத்தூள்,
சாய்த்துத் தட்டினால் ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம்.
பள்ளத்தில் மட்டும் வெந்நீர்.
மேடு காய்ந்தே இருக்கவேண்டும்,
இல்லாவிட்டால் கசப்பு சீக்கிரம் செத்துவிடும்.
இதோ பார் என் மண்டை, என்றேன்.
அன்றைக்குத்தான் அவன் பல் பார்த்தேன்.

ஆகஸ்டில் ரம்ப்ளாவுக்குக் கூட்டிப்போனான்.
கடல் என்று நாங்கள் பிடிவாதமாய்ச் சொல்லுகிற பழுப்பு ஆறு,
காதைத் திருகும் காற்று.
தெர்மாஸில் பாதித் தண்ணீர், அதுவும் வெதுவெதுப்பு,
விதிமுறை.
தூண்டில் போட்டிருந்த ஒருவனோடு
பஸ் கட்டணத்தைப் பற்றிச் சண்டை மூண்டது.
ஜெயித்தேன்.
ஜெயித்த பிறகுதான் கை நினைவுக்கு வந்தது.
திரும்பினேன், நாடா ஒட்டாத அத்தனை தூரமும்.
மே மாதம் மறந்ததைப்போலவே
துடைத்தாற்போல மறந்திருக்கிறேன்.
அதுபாட்டுக்குப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஏழு நிமிஷம்" என்றான் ஃபப்ரீசியோ.
அவன் வாய் மூடுவதற்குள் விழுந்தது.

தூண்டில்காரன் குனிந்து எடுத்தான்.
வலக்கையை நீட்டினேன்.
பையன் தொண்டையைச் செருமினான்.
சரி, சரி.
இந்தப் பக்கம் வாங்க, ஐயா,
இன்னும் கொஞ்சம், இன்னும்,
இடம் இருக்கு.